சென்டியன்ஸ்: உணர்திறனா, உணர்வுடைமையா?

ஏற்காடு அடிவாரத்தில் கோமாரித் தடுப்பூசி முகாம். மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். அதன் முதல் வரி: 'விலங்குகள் உணர்திறன் கொண்டவை.' கறவை மாட்டோடு வரிசையில் நின்ற பாட்டி ஒருவர் அதைப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "உணர்திறன்னா என்னங்க தம்பி, தொட்டாலே துள்ளுற மாடா? எம் மாடு அப்படி இல்லைங்க, சாது" என்றார்.

பாட்டி மேல் தப்பில்லை. எழுதியவர் மனத்தில் இருந்தது சென்டியன்ஸ் என்ற சொல். தாளில் விழுந்தது வேறு.

லத்தீனில் 'சென்டீரே' என்றால் உணர்தல். அந்த வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. சென்ஸ், சென்சார், சென்டிமென்ட் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள்தான். அதில் சென்டிமென்ட்டை நம் சினிமா தத்தெடுத்துக்கொண்டதால், சென்டியன்ஸ் என்றதும் தங்கச்சிக்காக அழும் அண்ணன் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார். பொருள் அதுவல்ல. தனக்கு நேர்வது சுகமாகவோ வேதனையாகவோ ஓர் உயிருக்குப் படுகிறதே, அந்தத் தன்மைதான் சென்டியன்ஸ். ஃபிரிட்ஜும் உள்ளே சூடு ஏறினால் அறிந்துகொள்கிறது. ஆனால் அதற்குக் குளிராது.

1997இல் ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தத்தோடு சேர்ந்த ஒரு நெறிமுறையில் ஐரோப்பிய நாடுகள் இந்தச் சொல்லை விலங்குகளுக்குப் பயன்படுத்தின. 2022இல் பிரிட்டன் இதன் பெயரிலேயே சட்டம் போட்டது. நம்முடைய 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தேவையற்ற வலி, துன்பம் என்று நேராகப் பேசிவிடுகிறது.

இந்தச் சொல்லை அளந்து பேசச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஆக்ஸ்ஃபோர்டு விலங்கியலாளர் மரியன் ஸ்டாம்ப் டாக்கின்ஸ். விலங்கின் துன்பத்தை அறிவியலாக ஆராய முடியும் என்று 1980இலேயே நூல் எழுதியவர். அவரே 2012இல் எழுதிய இன்னொரு நூலில், விலங்கின் மனத்துக்குள் நடப்பது நமக்குத் தெரிந்துவிட்டது போலப் பேசுவதை ஏற்கவில்லை. அது புரிந்தால்தான் நலம் பேச முடியும் என்றும் அவர் சொல்லவில்லை. அவர் முன்வைப்பது இரண்டே கேள்வி: உடம்பு நன்றாக இருக்கிறதா? அதற்கு வேண்டியது கிடைக்கிறதா?

வேண்டியது எது என்று கோழியிடம் எப்படிக் கேட்பது? இந்தப் பக்கம் கூண்டு, அந்தப் பக்கம் திறந்தவெளி என்று வைத்து, எதற்குள் போகிறது என்று பார்த்தார். கம்பித் தரை வேண்டுமா, கிளறுவதற்குத் தூளும் உமியும் பரப்பிய தரை வேண்டுமா என்றும் இப்படித்தான் கேட்கப்பட்டது. நாட்டுக்கோழி வளர்த்தவர்களுக்கு இதன் விடை தெரியும். வெயில் ஏறியதும் முருங்கை மரத்தடியில் குழி பறித்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுத்து, காலால் புழுதியை வாரி இறகுக்குள் இறைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடக்கும். அப்புறம் எழுந்து ஒரே உதறல், முற்றமெல்லாம் தூசி. கம்பித் தரைக் கூண்டில் வளரும் கோழியும் இதே அசைவுகளைச் செய்யும், காலடியில் ஒரு பிடி மண் இல்லாமலே. தெற்கே நாமக்கல் வரைக்கும் போனால் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குக் குறைவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? உணர்திறன் ஆகாது. அது செல்போன் தொடுதிரைக்கும் பற்பசை விளம்பரத்துக்கும் போய்விட்ட சொல். புலனுணர்வு என்றால் கண், காது சமாச்சாரத்தோடு நின்றுவிடும். தன்னுணர்வு என்பது 'நான்' என்று தன்னையே அறிவது. கோழியிடம் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். உணர்ச்சி? 'காலில் உணர்ச்சியே இல்லை' என்று டாக்டரிடம் சொல்கிறோம், 'உணர்ச்சிவசப்படாதே' என்று வீட்டில் சொல்கிறோம். இரண்டும் ஒரே சொல்லில் கலந்து கிடக்கிறது. (மலைப்பாதையில் தொட்டதும் மூடிக்கொள்ளும் செடிக்குச் சிணுங்கி என்று பெயர் வைத்தவர்கள் நாம். சிணுங்குகிறது என்று அந்தச் செடியா சொன்னது?)

'ஐந்தறிவு ஜீவன்' என்ற வழக்கையும் பார்த்துவிடுவோம். இன்று அதை மட்டம் தட்டுவதற்குத்தான் சொல்கிறோம்: நமக்கு ஆறு, அதற்கு ஐந்து, ஒன்று குறைச்சல். தொல்காப்பிய மரபியலில் அறிவு என்பது கெட்டிக்காரத்தனம் அல்ல. 'ஒன்றறி வதுவே உற்றறி வதுவே' என்று தொடுகையில் தொடங்கி நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஏறி, ஆறாவதாக மனத்தில் முடிகிற வரிசை. விலங்குக்கு ஐந்து என்று நிறுத்திய கையோடு, 'ஒருசார் விலங்கும் உளவென மொழிப' என்று சில விலங்குகளை ஆறாம் படிக்கும் ஏற்றிவிடுகிறது ஒரு நூற்பா.

அதே இயலில் 'நண்டும் தும்பியும் நான்கறி வினவே' என்று ஒரு வரி. பிரிட்டனின் 2022 சட்டம் முதுகெலும்பில்லாதவற்றில் நண்டு, சிங்கி இறால், ஆக்டோபஸ் வகைகளையும் உள்ளே எடுத்துக்கொண்டது. வண்டினத்துக்கு 2011இல் நியூகாசிலில் ஒரு சோதனை நடந்தது: தேனீக்களை ஒரு நிமிடம் உலுக்கிவிட்டு, இனிப்பா கசப்பா என்று தெளிவில்லாத மணத்தைக் காட்டினார்கள். உலுக்கப்பட்டவை கசப்பாகத்தான் இருக்கும் என்பது போல ஒதுங்கின. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வண்டியில் ஏறி 20 கொண்டை ஊசி வளைவு கடந்து போகும் தேன்பெட்டியை நினைத்துக்கொண்டேன். இதை வைத்து, அன்றே சொன்னான் தமிழன் என்று கிளம்பிவிடக் கூடாது. தொல்காப்பியர் வகைதொகை செய்தார், சோதனை செய்யவில்லை. நமக்கு வேண்டியது அவருடைய சொல் மட்டும்.

பொருளுக்கு இன்னும் கிட்டே வருபவர் வள்ளுவர்: 'அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை.' பிறர் என்று சொல்லாமல் பிறிது என்கிறார்; அஃறிணையும் அடங்கிவிட்டது. 1789இல் ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தம், விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்பதல்ல கேள்வி, துன்புறுமா என்பதே என்று எழுதினார். குறளில் அறிவு ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம். ஆனாலும் நோய் இன்று ஆஸ்பத்திரிச் சொல்லாகிவிட்டது; சுகத்தையும் அது தொடாது.

எனக்குப் படுவது உணர்வுடைமை. அன்புடைமை, அருளுடைமை, அறிவுடைமை என்று குறள் அதிகாரங்களிலேயே கிடக்கும் அச்சு. ஒரு குணத்தைப் பெற்றிருத்தல் என்பது அதற்குள்ளேயே வந்துவிடும். எவ்வளவு, எப்படிப்பட்டது என்று அளக்கப் போகாது. டாக்கின்ஸ் கேட்கும் அடக்கத்துக்கும் ஒத்துவரும். அடைமொழியாக உணர்வுடைய உயிர் என்றால் வாயில் இடறாது. வெல்ஃபேருக்கு நலம் போதும். விலங்கு நல வாரியம் என்று ஏற்கெனவே புழங்குகிறது.

இதையெல்லாம் முகாமில் பாட்டியிடம் சொல்லவில்லை. "வலி, பயம், சந்தோஷமெல்லாம் மாட்டுக்கும் உண்டுன்னு போட்டிருக்காங்க" என்றேன். "அதுக்கு நோட்டீஸ் எதுக்குங்க? ஊசி போட்ட அன்னிக்குச் சாயங்காலம் சுரப்பே விடாது. மனசு இல்லாமயா?" என்றார். பயந்த மாட்டின் ரத்தத்தில் அட்ரினலின் ஏறும், பாலை இறக்கிவிடும் ஆக்ஸிடோசினின் வேலை தடைப்படும். அது வரை உடம்பின் கணக்கு. மனசு என்று பாட்டி சொன்னது தொல்காப்பியத்தின் ஆறாம் படி. டாக்கின்ஸ் அந்த இடத்தில் கொஞ்சம் பொறுங்கள் என்பார்.

துண்டறிக்கை அடித்தவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அடுத்த அச்சில் முதல் வரியை 'விலங்குகள் உணர்வுடைய உயிர்கள்' என்று மாற்றிவிட்டார்கள். இரண்டாம் பக்கத்தில் 'ஐந்தறிவு ஜீவன்' மட்டும் அப்படியே இருக்கிறது.