192 நகல்கள், நான்கு இடங்கள்

ஆனையிறவு உப்பளத்துக் கல்லுப்பில் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உடையாத கல் என்றால் நேரான விளிம்புகளும் சதுர முகங்களும் தெரியும். உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வெளியே அப்படித் தெரிகிறது. அந்த அடுக்கை 1913 இல் பௌதிகவியலாளர் லோரன்ஸ் பிராக் ஊடுகதிரைக் கொண்டு கண்டறிந்தார். இன்று உப்பின் பளிங்குக் கோப்பை, அதாவது அணுக்களின் இடங்களை எழுதிவைத்த கோப்பைக் கணினியில் திறந்தால் இரண்டே இரண்டு அணுக்கள்தான் எழுதியிருக்கும்: சோடியம் 0, 0, 0 இல், குளோரின் ½, ½, ½ இல். திரையிலோ பெரிய கட்டடமே எழுந்து நிற்கிறது. மிச்சம் எங்கிருந்து வந்தது?

எங்கள் பக்கம் பன்பாய் இழைக்கிற அம்மாமார் பாய் முழுவதையும் மனதில் வைத்திருப்பதில்லை. ஒரு துண்டு வடிவமும், அதை எப்படித் திருப்பிப் போடுவது என்பதும் தெரிந்தால் போதும். பளிங்குக் கோப்பும் அப்படித்தான். திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டிக்கு அலகுக்கூடு என்று பெயர். உப்பில் அதன் பக்கம் 5.64 அங்ஸ்ட்ரோம் (ஒரு அங்ஸ்ட்ரோம் மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு), ஒரு மில்லிமீற்றருக்குள் 17 இலட்சத்துக்கும் மேற்பட்ட கூடுகள் வரிசையாக நிற்கும். மேலே சொன்ன ஆள்கூறுகள் அந்தப் பக்கத்தின் பின்னங்கள்.

அணுக்களோடு சமச்சீர் விதிகளும் கோப்பில் உண்டு. ஒவ்வொரு விதியும் அணுவின் ஆள்கூறுகளை மாற்றி அதன் நகல் ஒன்றை வைக்கும். ‘முதல் இரண்டு எண்களையும் இடம் மாற்று, மூன்றாவதன் குறியை மாற்று’, ‘முதல் இரண்டோடும் அரையைக் கூட்டு’ என்ற மாதிரி. கணினிக்கு ஒவ்வொரு விதியும் ஒரு தாயப் பெருக்கமும் (எண்களின் அட்டவணை ஒன்றால் பெருக்குவது) ஒரு கூட்டலும், அவ்வளவுதான். இப்படி விதிகள் சேரக்கூடிய வகைகள் மொத்தம் 230 என்று 1891 இல் பளிங்கியலாளர் ஃபெடரோவும் கணிதவியலாளர் ஷோன்ஃபிளீஸும் தனித்தனியே கண்டார்கள். உப்பின் வகையில் விதிகள் 192.

சரி, 0.1, 0.2, 0.35 இல் ஒரு புள்ளியை வைத்தால் 192 வெவ்வேறு இடங்கள் கிடைக்கும். ஆனால் சோடியத்துக்குக் கிடைப்பது நான்கே இடங்கள். சுழற்சி அச்சுகளும் தெறிப்புத் தளங்களும் சந்திக்கும் இடத்திலேயே அது உட்கார்ந்திருப்பதால், 48 நகல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. குளோரினில் குறி மாறி −½ வந்தால் அது கூட்டுக்கு வெளியே போய்விடும். கூடுகள் எல்லாம் ஒரேமாதிரி என்பதால் 1 ஐக் கூட்டி உள்ளே கொண்டுவரலாம்; கூட்டினால் ½, பழைய இடமே. விதியைப் போடுவது சுலபம். எந்த நகல்கள் ஒரே அணு என்று அறிவதில்தான் மென்பொருளின் உண்மையான திறமை இருக்கிறது என்பேன்.

முல்லைத்தீவில் மீன் பெட்டிக்குள் கொட்டும் ஐஸை எடுத்துக்கொள்வோம். அதில் ஒட்சிசனின் முதல் இரண்டு ஆள்கூறுகள் ⅓, ⅔. தசமத்தில் 0.3333, 0.6667 என்று எழுதிவிட்டு 120 பாகை சுழற்றுவோம். விதிப்படி இரண்டாவதன் குறியை மாற்றினால் புதிய முதல் எண். பழைய முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் புதிய இரண்டாவது. −0.6667, −0.3334 வரும். ஒவ்வொன்றோடும் 1 ஐக் கூட்டினால் 0.3333, 0.6666. கடைசி இலக்கத்தில் ஒன்று குறைகிறது. இதற்காக இரண்டு ஒட்சிசன் என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே, இவ்வளவு நெருக்கமாக விழுந்தால் ஒரே அணு என்று மென்பொருளில் ஒரு எல்லை வைக்கிறார்கள். எல்லை பெருத்துவிட்டால் உண்மையிலேயே வேறான அணுக்களும் ஒன்றாகிவிடும். அப்புறம், 0.9999 உம் 0.0001 உம் எண்ணில் தூரம் என்றாலும் பளிங்கில் பக்கத்துப் பக்கத்து இடங்கள். தூரத்தைக் கூட்டின் சுவரைத் தாண்டியும் அளக்க வேண்டும்.

பிழை நேர்ந்ததா என்று பார்க்க நான் முதலில் அடர்த்தியைத்தான் கணிப்பேன். நான்கு சோடியம், நான்கு குளோரின் என்று சரியாக எண்ணினால் உப்புக்குக் கன சென்ரிமீற்றருக்கு 2.16 கிராம் வரும். நகல்களை ஒன்றாக்காமல் விட்டால் அதே உப்பு 100 கிராமைத் தாண்டிவிடும். உலோகங்களிலேயே அடர்த்தி மிகுந்த ஒஸ்மியம்கூட 23 கிராமை எட்டாது.