இணைநிதி: மிச்சம் ஆற்றை தலையிலை?

போன ஆவணியில், நல்லூர்த் திருவிழாக் காலத்தில், என் பெறாமகள் ஒஸ்லோவிலிருந்து வந்திருந்தாள். அவள் வேலை செய்வது பத்துப் பேர்கூட இல்லாத ஒரு சிறு கம்பனியில். செய்மதிப் படங்களைப் பார்த்து, எந்தத் தோட்டத்தில் பயிர் வாடுகிறது, எங்கே தேவைக்கு மேல் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று சொல்லும் சேவை ஒன்றை அவர்கள் உருவாக்குகிறார்கள். அதற்காக, அரசுப் பணமும் கம்பனிப் பணமும் சேர்ந்து போகும் ஒரு திட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். கிணற்று நீரை நம்பிச் செய்கை பண்ணும் கமக்காரரிடம் நேரில் கேட்டறிய வேண்டும் என்று நீர்வேலியில் ஒரு சிறு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தாள். கையில் ஒரு பக்கத் தமிழ் விளக்கம். அதில் 'கோ-ஃபண்டிங்' என்ற சொல்லுக்கு 'அரச மானியம்' என்று போட்டிருந்தது. மொழிபெயர்த்துக் கொடுத்தவன் நான்.

கூட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்திலேயே கேள்வி வந்துவிட்டது: "தங்கச்சி, பரப்புக்கு எவ்வளவு தருவினம்? உர மானியம் மாதிரியோ?" அவள் பதறிப்போய், இது உங்களுக்குத் தருகிற காசு அல்ல, எங்கள் வேலைக்கான செலவில் ஒரு பகுதியைத்தான் அரசு தருகிறது என்றாள். பின்வரிசையில் இருந்த ஒரு வயதான ஐயா உடனே கேட்டார்: "அப்ப மிச்சம் ஆற்றை தலையிலை?" மிச்சச் செலவை யார் சுமப்பது என்று.

கோ-ஃபண்டிங் என்ற சொல்லின் பொருள் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. 'மானியம்' என்ற சொல் அந்தக் கேள்வியை எழவே விடாது. என் மொழிபெயர்ப்புப் பிழைத்த இடம் அதுதான்.

முதலில் அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு வேலைக்கான மொத்தச் செலவை முதலில் கணக்கிடுகிறார்கள். அதில் இவ்வளவு அரசு தரும், இவ்வளவு நிறுவனம் போடும் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். நிறுவனத்தின் பகுதி எங்கிருந்து வரும் என்று காட்டாவிட்டால் அரசின் பகுதியும் வராது. ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2017இல் தொடங்கிய 'இன்கியூபெட்' இந்த வகைத் திட்டம். புவி அவதானிப்பில், அதாவது செய்மதியிலிருந்து பூமியைப் பார்த்தறிவதில், சந்தையில் விற்கக்கூடிய ஒன்றைச் செய்ய வருகிற நிறுவனங்களுக்காக வைத்தது. முதலீடு, தொழில்துறை, புத்தாக்கம் என்ற மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்கள் 'ஐ' என்ற எழுத்தில் தொடங்குவதால் 'ஐ'யின் கனம் என்று பெயர் வைத்தார்கள். சொல்லும்போது அடைகாத்தல் என்ற பொருளும் காதில் விழும். நல்ல பெயர்.

முதலில் யோசனையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அது பிடித்தால் ஒரு சுருக்க முன்மொழிவு, அப்புறம் முழு முன்மொழிவு. முகவரகத்துக்குப் பிடித்தால் மட்டும் போதாது, நிறுவனம் இருக்கிற நாட்டின் பிரதிநிதிகளும் இசைய வேண்டும். ஏனென்றால் போகிற காசு அந்த நாடு அந்தத் திட்டத்துக்கென்று போட்ட காசு. எத்தனை வீதம் என்பது நிறுவனத்தின் அளவையும் நாட்டையும் பொறுத்து மாறும். பணம் ஒரேயடியாகக் கைக்கு வராது. ஒரு கட்ட வேலை முடிந்தால்தான் அந்தக் கட்டத்துக்குரிய கொடுப்பனவு. காசு தந்ததற்காக அரசு கம்பனியின் பங்குகளைக் கேட்பதில்லை. இது முக்கியம், பின்னால் தேவைப்படும். இலங்கை அந்த முகவரகத்தின் உறுப்பு நாடு அல்ல. அதனால் யாழ்ப்பாணத்துக் கம்பனி ஒன்று இதற்கு நேரே எழுத முடியாது. நோர்வே, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, பிரித்தானியா எல்லாம் உறுப்பு நாடுகள். கனடா 1970களின் கடைசியிலிருந்து உடன்படிக்கை மூலம் ஒத்துழைக்கிறது. எங்கள் பிள்ளைகள் போய் இருக்கிற நாடுகளும் இவைதாம். அதனால்தான் இந்தச் சொல் ஊர்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தின் 'ஃபண்ட்' இலத்தீனத்தின் 'ஃபுண்டுஸ்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஃபுண்டுஸ் என்றால் அடி, அடித்தளம். ஒரு துண்டு நிலத்துக்கும் பண்ணைக்கும்கூட அதுதான் பெயர். நாங்கள் சொல்லும் 'நிதி' வடசொல். அதன் வேரைப் பிரித்தால் 'கீழே வைத்தது' என்று வரும். புதையல், சேமித்து வைத்த பொருள் என்பது பழைய பொருள். இரண்டு மொழியிலும் காசு அடியில் கிடக்கிறது. இதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு சொல்லைப் பெயர்க்கும்போது வேரும் பொருந்திவருவது அபூர்வம்.

இலங்கைத் தமிழில் இந்தச் சொல்லைச் சுற்றி ஒரு குடும்பமே ஒழுங்காக வளர்ந்திருக்கிறது. பொதுவாகப் பணத்துறை 'நிதி', அதற்கு நிதி அமைச்சு. ஒரு நோக்கத்துக்கென ஒதுக்கிச் சேர்த்து வைப்பது 'நிதியம்', ஊழியர் சேமலாப நிதியம்போல. பணம் போடுகிற செயல் 'நிதியிடல்'; மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு அது பழகிய சொல். 'இடு' என்ற வினையை நாங்கள் 'முதலிடு' என்பதிலும் பார்க்கிறோம். ஆகவே 'ஃபண்டிங்' என்பதற்குப் புதிதாக ஒன்றும் தேடத் தேவையில்லை. சிக்கல் முழுவதும் முன்னால் ஒட்டியிருக்கும் 'கோ'வில்.

அதற்குமுன் மானியத்தை முடித்துவிடுகிறேன். 'மான்ய' என்றால் மதிப்புக்குரியது. கோயிலுக்கும் புலவருக்கும் ஊர்த்தொண்டு செய்தவருக்கும் வரி இல்லாமல் விட்ட நிலமே மானியம். பெறுகிறவரின் தகுதியைப் பார்த்துத் தருவது. அவர் எதிரே எதையும் போட வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்ற பெயரிலும் உர மானியத்திலும் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. 'நன்கொடை' இன்னும் மோசம். யாழ்ப்பாணத்தில் நன்கொடை என்ற சொல் கேட்டதும் நினைவு நொத்தாரிசிடம் முடித்த நன்கொடை உறுதிக்குத்தான் போகும். தந்தால் தந்தது, கணக்குக் கேட்க ஒருவரும் வரமாட்டார்.

ஆனால் பாதி தந்து பாதி போடும் வழக்கம் இங்கே புதிதல்ல. போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு புது வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகத் தரப்பட்டது. அத்திவாரம் முடிந்தால் ஒன்று, சுவர் எழும்பினால் ஒன்று என்று. அந்தக் காசோடு வீடு முடியாமல் நகையை ஈடு வைத்தும் கடன்பட்டும் முடித்த குடும்பங்கள் எத்தனையோ. ஆட்கள் தங்கள் கைக்காசைப் போட்டார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள். பேச்சில் அது 'இந்தியா தந்த வீடு' என்றே நின்றுவிட்டது. அவர்கள் போட்ட பகுதிக்கு ஒரு சொல் இருந்திருந்தால் அதுவும் கணக்கில் ஏறியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். கோ-ஃபண்டிங்கில் அந்தப் பகுதி தொடக்கத்திலேயே கடதாசியில் எழுதப்படுகிறது. வித்தியாசம் அதுதான், அது சின்ன வித்தியாசம் இல்லை.

இனி 'கோ'. இலத்தீனத்தில் 'சேர்ந்து', 'உடன்' என்று பொருள். நேர்ச் சொல் 'உடன்' என்பதால் முதலில் 'உடனீடு' என்று ஒன்றை உண்டாக்கிப் பார்த்தேன். முதலீடு போல உடனீடு. எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. மனைவியிடம் சொன்னேன், "ஆற்றை நகை?" என்று கேட்டார். ஈடு என்றால் எங்கள் ஊரில் அடகுதான். அந்தச் சொல் அன்றே போய்விட்டது.

'கூட்டு நிதி' என்று பலர் எழுதுகிறார்கள். கூட்டு என்றால் எல்லாம் ஒரு பெட்டிக்குள் விழுந்து ஒன்றாகக் கலக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில், சங்கக்கடையில் நடப்பது அது. இங்கே இரண்டு காசும் கலப்பதில்லை. கம்பனியின் பகுதி பெரும்பாலும் அதன் கணக்கைவிட்டு வெளியே போவதுகூட இல்லை. அதன் பொறியியலாளர்களின் சம்பளமாக, கணினிச் செலவாக உள்ளேயே செலவாகும்.

'பங்கு நிதி' என்னை நிறைய நேரம் இழுத்தது. காரணம் பங்குக் கிணறு. வலிகாமத்துச் செம்மண்ணில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வெட்டிய கிணறுகள் ஏராளம்; காணி உறுதியில் 'கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் பாவனையும்' என்று எழுதியிருக்கும். வெட்டுகூலியை ஆளுக்கு இவ்வளவு என்று போட்டார்கள், இறைப்பு முறை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். கோ-ஃபண்டிங்கை விளக்க இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை, கூட்டத்திலும் இதைத்தான் சொன்னேன். ஆனால் உவமை வெட்டும்வரைதான் பொருந்தும். வெட்டி முடிந்தபின் பங்குக் கிணற்றில் காசு போட்டவர் எல்லாருக்கும் உரித்து உண்டு. இங்கே அரசு அப்படி உரித்துக் கேட்பதில்லை என்று மேலே சொன்னேன். போதாததற்கு வணிகத் தமிழில் 'பங்கு' என்றால் பங்குச் சந்தைப் பங்கு. 'அரசின் பங்கு நிதி' என்று எழுதினால், கம்பனியில் அரசு பங்கு வாங்கியதாகத்தான் வாசகர் விளங்கிக்கொள்வார். உண்மைக்கு நேர் எதிர்.

மிஞ்சுவது 'இணை'. பதிகங்களில் வருகிற 'இணையடி'யை எண்ணிப் பாருங்கள்: இரண்டு பாதம், பக்கத்தில் பக்கத்தில், ஒன்றாகிவிடாமல் ஒரே உடலைத் தாங்குகின்றன. இன்றைய வழக்கில் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் 'இணைத்தலைவர்' என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். இருவர், ஒரே பொறுப்பு, ஆனாலும் இருவர்தான். இரண்டு காசும் கலக்காமல் ஒரே வேலையைத் தாங்குவதற்கு இந்தச் சொல் சரியாகப் பொருந்துகிறது. இணை என்றால் சமம் ஆயிற்றே, எப்போதும் சரிபாதியா என்று கேட்கலாம். தலைவர்கள் இணை என்றால் அவர்களின் நிலை சமம். காசு இணை என்றாலும் அப்படித்தான். தொகை கூடக் குறைய இருக்கலாம், இரண்டும் வேண்டும் என்பதில் ஏற்றத்தாழ்வு இல்லை. ஆகவே காசுக்கு 'இணைநிதி', அதைப் போடுகிற செயலுக்கு 'இணைநிதியிடல்'. சேர்த்தே எழுதுங்கள், பிரித்தால் அவசரத்தில் 'இணைய நிதி' என்று வாசித்துவிடுகிறார்கள்.

புவி அவதானிப்பு என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம். சிலர் 'புவிக் கண்காணிப்பு' என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு என்னால் அதை எழுத முடியாது. எத்தனையோ வருடம் காவலரண்களுக்கு நடுவில் வாழ்ந்தவர்களுக்குக் கண்காணிப்பு என்பது தங்கள்மேல் விழுந்த பார்வை. அவதானம் அப்படி இல்லை, மனதைக் குவித்தல். 'அவதானமாய்ப் போ' என்றுதான் பிள்ளையை அனுப்புகிறோம். நூறு விடயங்களில் ஒரே நேரத்தில் மனம் வைத்த மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளையைச் சதாவதானி என்றார்கள். அதே நிலத்தை ஐந்து நாளுக்கொருமுறை பொறுமையாகப் பார்த்து, மாற்றத்தைக் குறித்துக்கொள்ளும் செய்மதிக்கு அந்தச் சொல் தகும்.

நீர்வேலியில் இன்னொருவர் கேட்டார், படம் இலவசம் என்கிறீர்கள், பிறகு எதற்குக் காசு என்று. நியாயமான கேள்வி. ஐரோப்பாவின் செண்டினல்-2 செய்மதிகளில் முதல் இரண்டும் 2015, 2017 ஆம் ஆண்டுகளில் ஏவப்பட்டன. இந்தச் செய்மதிகளின் படங்களை எவரும் இலவசமாக எடுக்கலாம். ஆனால் அவை மிகத் தெளிவாக எடுக்கும் ஒளி அலைவரிசைகளில்கூட ஒரு படப்புள்ளி தரையில் 10 மீற்றருக்கு 10 மீற்றர், அதாவது 100 சதுர மீற்றர். ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். எங்கள் வெங்காயத் தோட்டம் ஒரு பரப்புக்கு இரண்டரைப் புள்ளிதான். அந்த இரண்டரைப் புள்ளியின் நிறம் வெங்காயமா, புகையிலையா, வரம்பில் நிற்கும் புல்லா என்று தெரிய, ஆள் தரையில் போய்ப் பார்க்க வேண்டும், மண்ணை அளக்க வேண்டும், பருவம் முழுவதும் குறிப்பெடுக்க வேண்டும். காசு போவது அதற்கு.

'விண்ணப்பம்' என்ற சொல்லையும் அந்தத் தாளிலிருந்து எடுக்கச் சொன்னேன். விண்ணப்பம் என்பது கீழே நிற்பவர் மேலே இருப்பவருக்குப் பணிந்து தெரிவிப்பது; சோழர் கல்வெட்டுகளில் கோயிலில் பதிகம் பாடுவதையே 'விண்ணப்பம் செய்தல்' என்கிறார்கள். இறைவனிடம் அது அழகு. ஆனால் தன் காசையும் மேசையில் வைத்துக்கொண்டு வருகிறவர் அரசிடம் கொண்டுபோவது 'முன்மொழிவு'. நான் இவ்வளவு போடுகிறேன், நீங்கள் இவ்வளவு போடுங்கள், இந்த வேலையைச் செய்வோம் என்ற பேச்சு அது.

அடுத்த கிழமை இரண்டாவது கூட்டம். திருத்திய தாளில் இப்படி இருந்தது: "இந்த வேலைக்கான மொத்தச் செலவில் ஒரு பகுதியை அரசிடமிருந்து இணைநிதியாகக் கேட்கிறோம். மிச்சத்தைக் கம்பனி போடும். கமக்காரரிடம் காசு கேட்கமாட்டோம். உங்கள் தோட்டத்தில் அளக்க இடமும், இறைப்புக் குறிப்பும் கேட்கிறோம். அதற்கு நீங்கள் செலவிடும் நாளுக்குக் கூலி தருவோம்."

அந்த ஐயா தாளை இரண்டு தரம் வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "சரி பிள்ளை, அடுத்தது எப்ப இதாலை போகும்?"

பெறாமகள் போனில் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை காலமை என்றாள்.

"அப்ப புதன்கிழமை நான் இறைக்கேல்லை. வாட்டம் தெரியுதோ எண்டு பாப்பம்."