ஊருக்காகப் பேசும் இரண்டரை சென்ட்

சம்பா அறுவடை நேரத்தில் டெல்டா பக்கம் போனால் இதைப் பார்க்கலாம். நாடா, கயிறு, நான்கு முளைக்குச்சிகளோடு அலுவலர் ஒருவர் யாரோ ஒருவருடைய வயலில் இறங்குவார். 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் ஒன்றைக் கட்டி, அதற்குள் நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், கிராமத்தை அலகாக வைத்திருந்தால், அதாவது ஊர்ச் சராசரி விளைச்சலை வைத்தே அந்த ஊர்க்காரர்களின் இழப்பீட்டை முடிவு செய்தால், நெல் போன்ற முக்கியப் பயிருக்குக் குறைந்தது நான்கு சதுரங்கள் வேண்டும். மொத்தம் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஊர் முழுக்க நட்ட நெல்லுக்கு, அறுத்துப் பார்க்கும் சாட்சி அவ்வளவுதான்.

இது போதுமா என்று கேட்பதற்கு முன், எதற்குச் சாட்சி என்று கேட்க வேண்டும். புள்ளியியலில் இதை முழுமைத்தொகுதி என்பார்கள். இங்கே அது "இந்த ஊரில், இந்தப் பருவத்தில், சம்பா நெல் நட்ட எல்லா வயல்களும்". பக்கத்து ஊர் வயல் இதில் சேராது. அதே ஊரின் பருத்திக் கொல்லையும் சேராது. அப்புறம், அந்த வயல்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும். எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடான அடங்கல்தான் அதற்கு ஆதாரம். நட்ட வயல் ஒன்று அதில் ஏறாமல் போனால், அறுத்துப் பார்க்கத் தேர்வாகும் மாதிரிக்குள் அது வரவே வழியில்லை. கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த ஓட்டையை அடைக்காது.

பட்டியலிலிருந்து புல எண்களைத் தேர்ந்தெடுப்பது சமவாய்ப்பு எண்கள், அதாவது குலுக்கல் சீட்டு போல யார் விருப்பமும் கலக்காமல் வரும் எண்கள். வயலுக்குள் போன பிறகும் அலுவலரின் கண்ணுக்கு வேலையில்லை. தென்மேற்கு மூலையில் நின்று தொடங்க வேண்டும். வயல் 60 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம் என்றால், நீளத்துக்கு 55-க்குள் ஓர் எண், அகலத்துக்கு 30-க்குள் ஓர் எண். 23, 11 என்று வந்தால் அத்தனை மீட்டர் நடந்து அங்கே முதல் முளை. மூலைவிட்டம் 7.07 மீட்டர் இருக்கிறதா என்று பார்த்தால் சதுரம் கோணவில்லை என்று தெரிந்துவிடும்.

ஏன் இத்தனை கெடுபிடி? ஆளிடம் விட்டால் சாலையோர வயலைத்தான் எடுப்பார். விவசாயி "இங்கே வாங்க சார்" என்று சாய்ந்த பயிரைக் காட்டுவார். இழப்பீட்டுப் பணம் கொடுக்க வேண்டிய காப்பீட்டுக்காரருக்கு மதகடியில் செழித்த பயிர் பிடிக்கும். சமவாய்ப்பு எண் இரண்டு பேருக்கும் சொந்தக்காரன் இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம், ஏனென்றால் அகப்பை உள்ளே சுற்றியிருக்கிறது. வயலை யார் கிண்டினார்கள்? அந்த வேலையை இந்த எண்கள்தான் செய்கின்றன.

இன்னொன்று, பலருக்கு நம்பிக்கை வராத விஷயம். ஊரில் 200 வயல் இருந்தாலும் 2,000 இருந்தாலும், நான்கு சதுரங்கள் தரும் துல்லியம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வயலுக்கு வயல் விளைச்சல் எவ்வளவு மாறுகிறது, எத்தனை சதுரம் அறுத்தோம் என்பவைதான் பிழையைத் தீர்மானிக்கின்றன. அதுவும் இருமடி மூலக் கணக்கில்: பிழையைப் பாதியாக்க, நான்கு சதுரங்கள் பதினாறாக வேண்டும்.

சரி, சதுரம் சின்னதாக இருந்தால் வேலை மிச்சமாகுமே? 1940-களில் இந்தியப் புள்ளியியலாளர்களிடையே இதே கேள்வி பெரிய சர்ச்சையானது. வங்காளத்தில் மகாலனோபிஸ் சிறிய வெட்டுகளை விரும்பினார். பி. வி. சுகாத்மே, சின்ன வெட்டு விளைச்சலைக் கூட்டிக் காட்டுகிறது என்று வயலிலேயே சோதித்துக் காட்டினார். காரணம் ஓரம். கயிற்றின் மேலேயே நிற்கும் தூரை அறுப்பவர் கை பெரும்பாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். 1 மீட்டர் சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 4 மீட்டர் ஓரம். 5 மீட்டர் சதுரத்தில் 0.8 மீட்டர்தான். இந்தப் பிழை ஒரே பக்கம் சாய்வதால், ஆயிரம் சதுரம் அறுத்தாலும் கரையாது. பெரிய சதுரத்திலும் கவனம் வேண்டும்: 25 சதுர மீட்டரை ஹெக்டேருக்கு மாற்ற 400-ஆல் பெருக்குவதால், தராசில் 100 கிராம் தவறினால் கணக்கில் 40 கிலோ.

கடைமடையில் பயிர் அழுகிப்போனவருக்கு இதெல்லாம் சமாதானமாகாது. "என் வயலைப் பார்க்காமலே எனக்கு இழப்பில்லை என்கிறார்களே" என்பார். அவர் கேள்வி நியாயமானது, ஆனால் அது மாதிரியின் மேல் வைக்க வேண்டிய புகார் அல்ல. ஆலங்கட்டி மழை போன்ற சில சேதங்களுக்குத் தனி வயல் மதிப்பீடு உண்டு. மற்றபடி அந்தச் சதுரங்கள் ஊர்ச் சராசரியைச் சொல்லத்தான் அறுக்கப்பட்டவை, அவருடைய வயலைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. அலகைச் சிறிதாக்கினால் சராசரி அவர் வயலுக்கு நெருங்கி வரும். ஆனால் பல கிராமங்கள் சேர்ந்த ஒரு பிர்காவை இருபது கிராமமாகப் பிரித்தால் கிராமத்துக்கு நான்காக எண்பது சதுரம் கட்ட வேண்டும், அதுவும் எல்லா ஊரிலும் அறுவடை இயந்திரம் இறங்கும் அதே சில வாரங்களுக்குள்.