அழுத்தமானியை இரண்டு முறை படிக்க வேண்டும்

ஷவரில் தண்ணீர் மெல்லிசாக வருகிறது என்றதும் பலரும் சொல்வது ஒன்றுதான்: "பிரஷர் இல்லை." பிரஷர் இருக்கிறதா இல்லையா என்று நூறு வெள்ளி கூட ஆகாத அழுத்தமானி என்ற ஒரு சிறு கருவி சொல்லிவிடும். அதற்கு முன் அந்த பிரஷர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மேல்மாடி வீடுகளுக்குப் பொதுவாக மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கி வரும். தொட்டி பெரியதா சிறியதா என்பது அழுத்தத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. தொட்டியில் உள்ள நீர்மட்டம் உங்கள் குழாய்க்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது மட்டுமே கணக்கு. அழுத்தத்தின் அலகு பார்; 10.2 மீட்டர் உயர நீருக்கு 1 பார். ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால், மாடிக்கு ஏறத்தாழ 0.27 பார்.

பதினாறு மாடி புளோக்கில் ஆறாம் மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். குழாயிலிருந்து மொட்டைமாடி வரை சுமார் 30 மீட்டர், அதற்கு மேல் தொட்டி நீர் 3 மீட்டர். மொத்தம் 33 மீட்டர், அதாவது 3.2 பார். அதே புளோக்கில் பதினாறாம் மாடியில் குழாய்க்கு மேலே 5 மீட்டர் நீர் இருந்தால் பெரிய விஷயம், 0.5 பார்கூடத் தேறாது. அதனால்தான் உச்சி மாடிகளுக்குத் தனியாக, அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம்ப் வைக்கிறார்கள். எதிர்ப்பக்கத்திலும் சிக்கல் உண்டு. டக்ஸ்டனில் உள்ள ஐம்பது மாடி பினக்கிள் போன்ற கட்டடத்தில் உச்சியிலிருந்து தரை வரை ஒரே குழாயாக இறக்கினால் அடியில் 15 பார் நிற்கும். வீட்டுக் குழாய்களும் ஹீட்டர்களும் அதைத் தாங்காது. உயரமான கட்டடங்களில் மாடிகளைப் பகுதி பகுதியாகப் பிரிப்பதும், இடையில் அழுத்தம் குறைக்கும் வால்வு பொருத்துவதும் இதற்காகத்தான்.

சரி, இந்த உயரத்தை ஒரு முள் எப்படிக் காட்டுகிறது? மானியின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே அரைவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று தெரியும். அதன் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் தட்டையாக நசுங்கியிருக்கும். ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை வழியாக உங்கள் வீட்டுத் தண்ணீர் நுழையும். அழுத்தம் ஏறும்போது தட்டையான குழாய் உருண்டையாக மாறப் பார்க்கும். அப்படி உப்பும்போது வளைவு விரிந்தே ஆக வேண்டும். திருவிழாவில் குழந்தைகள் ஊதும் சுருள் பீப்பி நீள்வதும் ஏறக்குறைய இப்படித்தான். மூடிய முனை நகர்வது சில மில்லிமீட்டர்தான். அதை ஒரு சின்னத் தண்டும் பல்சக்கரமும் பெருக்கி, முள்ளை முக்கால் வட்டம் சுற்ற வைக்கின்றன. பிரான்ஸைச் சேர்ந்த யூஜின் போர்டான் 1849இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றுவரை அடிப்படை மாறவில்லை; பேட்டரி தேவைப்படாத கருவிகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

வளைகுழாய்க்கு வெளியே சாதாரணக் காற்று இருப்பதால் முள் காட்டுவது காற்றழுத்தத்துக்கு மேலே உள்ள மிச்சத்தை மட்டும். குழாயில் மாட்டாமல் மேசையில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது பலர் சறுக்குவது அளவெல்லையில். "பெரிய மானி எல்லாவற்றுக்கும் ஆகும்" என்று 25 பார் மானியை வாங்குவார்கள். முகப்பில் 1.6 என்று துல்லிய வகுப்பு அச்சிட்டிருந்தால், முழு அளவில் 1.6 விழுக்காடு வரை பிழை வரலாம் என்று பொருள். 25 பாரில் அது 0.4 பார். பதினாறாம் மாடிக்காரரின் மொத்த அழுத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதானே! வீட்டுக்கு 6 அல்லது 10 பார் மானி போதும். வழக்கமான அழுத்தம் முகப்பின் நடுப்பகுதியில் விழுவது நல்லது. பம்ப் அருகே பொருத்துவதானால் கிளிசரின் நிரப்பிய மானி கேளுங்கள், முள் நடுங்காது.

பொருத்த வசதியான இடம் வாஷிங் மெஷின் குழாய். குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, மரை அளவுக்கேற்ற அடாப்டரோடு மானியை மாட்டலாம். ஹோஸ் மாட்டும் மரையில் கசிவைத் தடுப்பது உள்ளே உள்ள ரப்பர் வாஷர். அங்கே வெள்ளை டேப் சுற்றுவது வீண். மானிக்கும் அடாப்டருக்கும் இடையில்தான் டேப் வேண்டும். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள், முதல் புரியை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் டேப் துணுக்கு மானியின் ஊசித்துளையை அடைத்துவிடும். இறுக்கும்போது ஸ்பேனரை அடியில் உள்ள சதுரக் கட்டையில் பிடியுங்கள். வட்டமான முகப்பைப் பிடித்துத் திருகினால் உள்ளே இருக்கும் வளைகுழாய் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் அந்த மானியை நம்ப முடியாது. குழாயை மெதுவாகத் திறங்கள். குழாயையே வெட்டி நிரந்தரமாக மானி வைப்பதென்றால், அது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் செய்ய வேண்டிய வேலை.

இப்போது முக்கியமான கட்டம். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, முள்ளுக்கு நேர் எதிரே கண்ணை வைத்துப் படியுங்கள். இது நிற்கும் தண்ணீரின் அழுத்தம், தொட்டியின் உயரத்தைச் சொல்வது. பிறகு சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு இன்னொரு முறை படியுங்கள். பெரும்பாலானோர் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். அடைப்பைக் காட்டிக்கொடுப்பது இரண்டாவது எண்தான். தண்ணீர் நிற்கும்போது, குழாய் முக்கால்வாசி துருவால் அடைத்திருந்தாலும் மானி அதே 3.2 பாரைத்தான் காட்டும். ஓடும்போதுதான் உராய்வு தெரியும். ஓட்டம் இரட்டித்தால் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு.

3.2 என்பது 2.9 ஆக இறங்கினால் கவலை இல்லை. 1க்கு விழுந்தால், தண்ணீர் மானிக்கு வந்துசேரும் வழியில் எங்கோ அடைப்பு. முதலில் வெளியே மீட்டர் அருகே உள்ள வால்வு பாதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள், பெயிண்ட் அடித்தவரோ யாரோ திருப்பிவிட்டுப் போயிருக்கலாம். முள் அசையாமல் இருந்தும் ஷவர் மட்டும் மெலிந்தால் கோளாறு ஷவரிலேயே. வலையில் மண் சேர்ந்திருக்கும், அல்லது தண்ணீரைச் சிக்கனப்படுத்த எப்போதோ பொருத்திய சின்ன வளையம் ஓட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும். அது பழுது அல்ல, அதன் வேலையே அதுதான்.

முதல் எண்ணே குறைவாக இருந்தால், அதுவும் அண்டை வீட்டிலும் அப்படியே என்றால், உங்கள் வீட்டுச் சுவரை உடைத்துப் பயனில்லை. பூஸ்டர் பம்ப் ஓடுகிறதா என்று நகர மன்றத்தைக் கேளுங்கள்.

மானி கையில் இருக்கும்போதே ஒரு சோதனை: மீட்டர் அருகே உள்ள வால்வை மூடி, வீட்டுக் குழாய்கள் எதையும் திறக்காமல் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். முள் நின்ற இடத்திலேயே நின்றால் நிம்மதி. கீழே இறங்கிக்கொண்டே போனால் தண்ணீர் எங்கோ வெளியேறுகிறது. முதலில் கழிவறைத் தொட்டியின் மிதவை வால்வைச் சந்தேகப்படுங்கள், சுவரை அப்புறம் பார்க்கலாம்.