கெண்டிக்குள் காய்ச்சிய மை

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறார். அப்பா காலமானபின் வீட்டை ஒழித்தபோது கட்டிலுக்கடியில் கிடைத்த இரும்புக் கெண்டி. சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தையில் அவர் வாங்கி வந்ததாம். அந்தச் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது; ஆக, வாங்கியது அதற்கும் முன்னால். வயிற்றைச் சுற்றி ஆலங்கட்டி ஒட்டிக்கொண்டதுபோல் வரிசை வரிசையாகக் குட்டிப் புள்ளிகள். உள்ளே எட்டிப் பார்த்தால் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் கலந்து கொட்டியதுபோல் துரு.

வினிகரில் ஊறவைத்துக் கம்பி நாரால் தேய்க்கலாமா என்று கேட்கிறார். கோலா ஊற்றினால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறாராம் தம்பி. அம்மாவின் யோசனை வேறு: "யார் வீட்டுச் சாமானோ, எந்த ஆவி குடியிருக்கோ, பழைய சாமான் வாங்கும் கராங் குனிக்காரர் வந்தால் தூக்கிக் கொடு."

மூன்றையும் தள்ளிவையுங்கள். தேக்கா சந்தைக்குப் போய் இருப்பதிலேயே விலை குறைந்த தேயிலைப் பொட்டலம் ஒன்று வாங்கி வாருங்கள். பால் வேண்டாம், சீனி வேண்டாம். காப்பிக்கடை மொழியில் சொன்னால், உங்கள் கெண்டிக்குத் தேவை ஒரு கெட்டியான தே-ஓ கொசோங்.

அதற்கு முன் ஒரு சோதனை. ஜப்பானிய வார்ப்பிரும்புப் பாத்திரங்களில் இரண்டு சாதி உண்டு. உள்ளே வெறும் இரும்பாக இருப்பது தெட்சுபின். அது அடுப்பில் வைத்து வெந்நீர் காய்ச்சுவதற்கானது. உள்ளே கண்ணாடிபோல் வழவழவென்று எனாமல் பூசியிருந்தால் அது தேயிலையில் வெந்நீர் ஊற்றி ஊறவைக்கும் பாத்திரம், அடுப்பில் ஏறக் கூடாது. படத்தில் தெரிவது முதல் வகை. இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: அடியிலோ மூக்கு சேருமிடத்திலோ நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மெதுவான சாம்பல்நிற ஒட்டு இருந்தால், யாரோ நச்சுக் காரீயம் வைத்து ஓட்டை அடைத்திருக்கலாம். அப்படியானால் அது அலமாரியில் அழகுக்கு மட்டும்.

வினிகர் ஏன் வேண்டாம் என்பதற்கு நானே சாட்சி. சில வருடங்களுக்கு முன் இதேபோல் ஒரு கெண்டியை ராத்திரி முழுக்க வினிகரில் போட்டு, காலையில் தேய்த்து, வெள்ளிபோல் மின்னுவதைப் பார்த்துப் பூரித்து, சமையல்மேடையில் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் உள்ளே முழுக்க இளம் ஆரஞ்சு. பழைய துருவாவது பல வருட உழைப்பு. இது அரை மணி நேரத்துப் புதுத் துரு.

நடந்தது பள்ளிக்கூடப் பாடம்தான். இரும்பு எலெக்ட்ரான்களை இழக்கிறது, நீரும் ஆக்சிஜனும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன, மிச்சம் துரு. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இரும்பின்மேல் உட்கார்ந்து இந்த வேலையை முடுக்கிவிடும். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரியே 80க்கு மேல். வினிகர் துருவை மட்டும் தின்றுவிட்டு நிறுத்திக்கொள்வதும் இல்லை. கெண்டி செய்தவர் உள்ளே போட்டுவைத்த காப்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

அது என்ன காப்பு? ஜப்பானின் வடகிழக்கில் இவாத்தே மாநிலத்தில் மொரியோக்கா என்று ஒரு நகரம். 17ஆம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட நம்பு பிரபுக்கள் கியோத்தோவிலிருந்து வார்ப்புக்காரர்களை வரவழைத்தார்கள். அந்தப் பரம்பரையில் வந்த இரும்புச் சாமான்களுக்கு இன்றும் நம்பு என்றுதான் பெயர். (உங்கள் கெண்டி அந்த ஊரா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது, புள்ளி வேலைப்பாடு பல ஊர்களில் உண்டு.) வார்த்து முடித்த கெண்டியை அவர்கள் மறுபடியும் கரிநெருப்பில் 800 டிகிரிக்கு மேல் பழுக்கவைப்பார்கள். அப்போது மேற்பரப்பில் மேக்னடைட் என்ற கருப்பு ஆக்சைடு படியும். அதுவும் ஒருவகையில் துருதான், ஆனால் நல்ல பிள்ளை: இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, பின்னால் இருக்கும் இரும்பைக் காக்கும். சிவப்புத் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, உள்ளே போக ஈரத்துக்கு வழிவிடும். கம்பி நாரை உள்ளே விட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

சரி, தேயிலை என்ன செய்கிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

வாழைப்பூ ஆய்ந்திருக்கிறீர்களா? அரிவாள்மனையில் நறுக்க நறுக்க இரும்பு கருநீலமாகிக்கொண்டே வரும். எங்கள் பெரியம்மா மருதாணிப் பொடியில் தேயிலைச் சாறு ஊற்றிக் குழைத்து இரும்புச் சட்டியில்தான் ராத்திரி முழுக்க வைப்பார். பித்தளையில் வைத்தால் "கறுப்பு ஏறாது" என்பார். பெரியம்மாவுக்கு வேதியியல் தெரியாது, ஆனால் வேதியியல் அவருக்கு வேலை செய்தது. வாழைப்பூ, கடுக்காய், நெல்லிக்காய், கொட்டைப்பாக்கு, தேயிலை எல்லாவற்றுக்கும் பொதுவாக நாக்கில் தெரிவது துவர்ப்பு. அறுசுவையில் அதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கியவர்கள் நாம். துவர்க்கவைக்கும் பொருள்களைத்தான் டானின் என்கிறோம்.

டானின் மூலக்கூறை ஒரு நண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த வளையம் அதன் உடல். அந்த வளையத்தின் விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டோ மூன்றோ ஆக்சிஜன்கள், கொடுக்கின் இரு நுனிகள்போல. மூன்று எலெக்ட்ரான் இழந்த இரும்பு அயனி ஒன்று அகப்பட்டால், இரண்டு ஆக்சிஜன்களும் இருபுறமும் கவ்விக்கொள்ளும். (வேதியியலார் இதற்கு வைத்த கிலேட் என்ற பெயரே நண்டுக் கொடுக்குக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். மிளகாய் நண்டின் ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.) ஓர் இரும்பு அயனியை மூன்று கொடுக்குகள் வரை பிடிக்கலாம். ஒரு டானின் மூலக்கூறுக்கோ ஒன்றுக்கு மேற்பட்ட கொடுக்குகள். இவன் அவனைப் பிடிக்க, அவன் இன்னொருவனைப் பிடிக்க, கடைசியில் நீரில் கரையாத ஒரு வலை பின்னப்படுகிறது. துருவில் இருக்கும் இரும்பே அந்த வலைக்குள் சிக்கிக்கொள்வதால், உதிரவேண்டிய துரு உதிராமல் கெட்டிப்பட்டு நிற்கிறது.

கருப்பு எங்கிருந்து வந்தது? தேயிலைச் சாறு பழுப்பு, துரு ஆரஞ்சு. இரண்டிலும் கருப்பு இல்லை. கொடுக்கு கவ்வியதும் வளையத்தின் எலெக்ட்ரான் ஒன்று இரும்பின் பக்கம் தாவுவதற்கு வழி பிறக்கிறது. அந்தத் தாவலுக்கு வேண்டிய ஆற்றல் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லா நிறங்களையும் அது விழுங்கிவிடுவதால் நமக்கு மிஞ்சுவது கருநீலம் தோய்ந்த கருப்பு.

இந்தக் கருப்பைக் கண்டுபிடிக்காத நாகரிகம் குறைவு. ஐரோப்பியர்கள் ஓக் மரத்தில் பூச்சி கடித்து வீங்கிய காய்ப்புகளை ஊறவைத்து, இரும்பு சல்பேட் சேர்த்து நூற்றாண்டுக் கணக்கில் மை காய்ச்சினார்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் (Bach) அந்த மையில் எழுதிய இசைத் தாள்களில் எழுத்து இருந்த இடமெல்லாம் அரித்துப்போனது வேறு கதை. பிடிபடாத இரும்பும் அமிலமும் செய்த வேலை அது. நம் பக்கம் கடுக்காயும் அன்னபேதியும். அன்னபேதி என்றால் அதே இரும்பு சல்பேட்தான். கலம்காரி எழுதுபவர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் புளிக்கவைத்து, அந்த நீரால் கடுக்காய் ஏற்றிய துணியில் கோடு இழுப்பார்கள். இழுத்த இடம் கண்முன்னே கறுக்கும். ஜப்பானில் இரும்பை வினிகரில் ஊறவைத்து, துவர்ப்புப் பொடியோடு சேர்த்துப் பெண்கள் பல்லில் பூசிக்கொண்டார்கள். ஒஹகுரோ என்று பெயர். கருப்புப் பல்தான் அப்போது அழகு. அதே ஒஹகுரோ நீரைத் தேயிலைச் சாற்றோடு சேர்த்துக் கெண்டியின் வெளிப்புறத்திலும் தடவினார்கள். ஆக, உங்கள் அப்பாவின் கெண்டிக்கு வெளியே இருக்கும் கருப்பிலும் இந்த மைக்கு ஒரு பங்கு இருக்கலாம். உள்ளே இப்போது நீங்கள் காய்ச்சப்போவதும் அதுவே.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு கண்ணாடிக் குவளையில் வினிகர் ஊற்றி, கொஞ்சம் ஸ்டீல் ஊல் போட்டு இரண்டு நாள் வையுங்கள். வெளுத்த, ஒன்றுமில்லாத மாதிரி ஒரு திரவம் வரும். அதில் கெட்டித் தேநீர் ஒரு சொட்டு விடுங்கள். மேகம் கறுப்பதுபோல் கீழே இறங்கும். கொஞ்ச நேரம் காற்றுப் பட்டால் இன்னும் கறுக்கும்.

பாலை ஏன் விலக்கினேன் என்பதும் இப்போது புரியும். பாலின் கேசீன் புரதம் டானினின் கொடுக்குகளைத் தானே வாங்கிக்கொண்டுவிடும். பால் சேர்த்து ஆற்றிய தே தாரிக் நாக்கில் அவ்வளவாகத் துவர்க்காததும் அதனால்தான். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே என்று மருத்துவர் சொல்வதற்கும் இந்த நண்டுதான் காரணம்.

செய்முறை சுருக்கம்தான். கெண்டியை வெறும் நீரில் கழுவி, உதிர்வதை உதிரவிடுங்கள். கையோ நாரோ உள்ளே போகவேண்டாம். முக்கால் அளவு நீர், இரண்டு கைப்பிடி தேயிலை ஒரு துணி மூட்டையில். மூடியைக் கழற்றிவிட்டு, மிகச் சிறிய தீயில் அரை மணி நேரம் கொதிக்கட்டும். தூண்டல் அடுப்பிலும் வார்ப்பிரும்பு சூடேறும், ஆனால் சட்டென்று ஏறும். கரிமம் மிகுந்த இந்த இரும்பு வளையத் தெரியாதது, விரிசல்தான் விடும். சூடான கெண்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் அதே கதி. ராத்திரி அப்படியே வைத்துவிட்டுக் காலையில் கொட்டுங்கள். வெள்ளைத் தொட்டியில் கொட்டினால் இந்தியன் இங்க்கைக் கவிழ்த்ததுபோல் இருக்கும், பயப்படாதீர்கள். இரண்டு மூன்று முறை செய்தபின் வெறும் நீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் கொட்டுங்கள், தெளிவாக வரும்வரை.

உள்ளே அங்கங்கே சிவப்பு மிச்சம் இருக்கும், இருக்கட்டும். நீர் தெளிவாக இருந்தால் கெண்டி நலம் என்பது ஜப்பானிய வழக்கம், எனக்கும் அது போதும். தோசைக்கல்லுக்கு எண்ணெய் பழக்குவதுபோல் இதற்கு எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் இறுகிப் படலமாக நல்ல சூடு வேண்டும். நீர் நிறைந்த கெண்டி 100 டிகிரியைத் தாண்டாது. பிசுபிசுத்துச் சிக்கு வாடைதான் மிஞ்சும். ஒவ்வொரு முறையும் வெந்நீரை மிச்சமில்லாமல் ஊற்றிவிட்டு, மூடியைத் திறந்துவையுங்கள். சுடுகிற இரும்பு தன்னைத்தானே உலர்த்திக்கொள்ளும். இந்த ஊர் ஈரத்தில் அந்த ஒரு நிமிடம் முக்கியம். டானின் வலை முழுக் கவசம் இல்லை, அவ்வப்போது புதுப்பிக்கவேண்டிய ஒன்று.

ஆவி விஷயத்தில் அம்மாவோடு வாதாடாதீர்கள். இரும்பைக் கண்டால் பேய் ஓடும் என்றுதானே பச்சைக்குழந்தையின் தலைமாட்டில் இரும்புத் துண்டு வைத்தார்கள்? அப்படியிருக்க இரும்புக் கெண்டிக்குள்ளேயே எப்படிக் குடியேறும் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு எரிச்சல் தருவது படித்தவர்களின் மூடநம்பிக்கை: பழைய கெண்டியின் நீர் "உயிருள்ள நீர்" என்றும், சோகையைத் தீர்க்கும் என்றும் சொல்லி விலையை ஏற்றுவது. நீரில் கொஞ்சம் இரும்பு கரைவது உண்மை. சோகைக்கு ரத்தப் பரிசோதனையும் மருத்துவரும்தான் வழி.

இந்த டானின் வைத்தியத்தை வீட்டு வைத்தியம் என்று ஒதுக்கவும் வேண்டாம். அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் துருப்பிடித்த இரும்புக்கு டானிக் அமிலக் கரைசலைப் பூசுகிறார்கள். கனடாவின் அரும்பொருள் பாதுகாப்பு நிறுவனம் அதற்கு வழிகாட்டிக் குறிப்பே வெளியிட்டிருக்கிறது. இங்கும் ஜூரோங்கில் தேசிய மரபுடைமைக் கழகத்தின் பாதுகாப்பு மையம் ஒன்று இருக்கிறது. ஆனால் துரு என்று சொன்னால் ஆராய்ச்சிப் பணம் தருபவர்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்பது என் பழைய புலம்பல். துரு உள்ளிட்ட உலோக அரிமானத்தால் வரும் இழப்பு உலக உற்பத்தியில் 3.4 சதவீதம் என்று 2016இல் வந்த ஓர் அமெரிக்க மதிப்பீடு சொல்கிறது. செயற்கை நுண்ணறிவுக்குக் கொட்டுவதில் ஒரு கரண்டியை இந்தப் பக்கம் திருப்பினால் குறைந்தா போய்விடும்?

கடைசியாக, உங்கள் விரலும் சமையல்மேடையும் கறுத்துப்போகும். சோப்பு அசையாது. எலுமிச்சைப் பாதியை எடுத்துத் தேயுங்கள். சிட்ரிக் அமிலத்துக்கும் கொடுக்கு உண்டு, இரும்பை டானினிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். அந்தக் காரணத்தாலேயே, இந்தக் கெண்டியில் எலுமிச்சைத் தேநீர் மட்டும் போட்டுவிடாதீர்கள்.