டின்னில் 20 கிராம், குடலில் எவ்வளவு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் புரத மாவு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது டின்னின் பின்பக்கம் இருக்கும் கிராம் கணக்கை. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, பெரும்பாலும் 6.25 ஆல் பெருக்கி எழுதிய எண் அது. எவ்வளவு செரித்தது என்பது அதில் இல்லை.

முன்பு செரிமானத்தை மலத்தில் அளந்தார்கள். சிறுகுடல் உறிஞ்சாமல் விட்டதைப் பெருங்குடல் பாக்டீரியா தின்றுவிடும். உடம்பில் சேராததும் சேர்ந்ததாகக் கணக்கில் ஏறும். அதனால்தான் புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றையும் சிறுகுடலின் கடைசியிலேயே அளக்கச் சொன்னது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் 2013 அறிக்கை.

அதற்கு மூக்கு வழியாக மெல்லிய குழாயை அதுவரை இறக்க வேண்டும். இல்லையென்றால், அறுவைக்குப் பின் சிறுகுடலிலிருந்து வருவதைச் சேர்க்க வயிற்றில் பை பொருத்தியவர்கள் முன்வர வேண்டும். பையைச் சட்டென்று காலிசெய்து உறையவைக்காவிட்டால் அங்கேயும் பாக்டீரியா புகுந்து கணக்கைக் கெடுக்கும். ஆய்வகத்தில் புரதத்தை உடைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பார்கள். அதில் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் அழிந்துவிடும். அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். அதிகச் சூட்டில் கெட்டுப்போன லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பகுதி அமிலத்தில் நல்ல லைசினாகத் திரும்பித் தெரியும். பால் மாவிலும் பிஸ்கட்டிலும் இந்த ஏமாற்று அதிகம்.

பலரும் தவறவிடுவது குடலின் சொந்த இழப்பு. 20 கிராம் புரதம் உண்டு, சிறுகுடலின் கடைசியில் 4 கிராம் வந்தால் செரிமானம் 80 சதவீதம் என்று தோன்றும். அந்த நாலில் 2 கிராம் நம் செரிமான நொதிகள், சளி, உதிர்ந்த செல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவில் செரிக்காதது 2 கிராம்தான், உண்மையான செரிமானம் 90 சதவீதம். ஆனாலும் அந்தச் சொந்த 2 கிராமும் உடம்புக்கு நட்டமே. சளியில் திரியோனின் என்ற அமினோ அமிலம் மிகுதி என்பதால் அதுவே கூடுதலாக வெளியேறுகிறது.

நார்ச்சத்தும், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியை முடக்கும், சோயாவிலுள்ள டிரிப்சின் தடுப்பானும் இந்த இழப்பைக் கூட்டும். அரைவேக்காட்டுச் சோயா வேண்டாம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் தெம்பே, சோயாவை வேகவைத்துப் புளிக்கவைத்தது, தாராளமாக வாங்கலாம். கடலையை இரவே ஊறவைத்து, விரலால் நசுங்கும்வரை வேகவிடுங்கள். சோற்றில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. இரண்டும் ஒரே தட்டில் இருக்கட்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கிளினிக்கில் கேட்காமல் புரத மாவைத் தொட வேண்டாம்.