வேக்கம் இழுக்காதுங்க, காத்து தான் தள்ளும்

போன வாரம் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். ஏற்காட்டுல இருந்து எறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பண்ணலாம்னு கார ஆஃப் பண்ணி நியூட்ரல்ல விட்டிருக்கார், ரெண்டு பெண்டு வரைக்கும் ஒண்ணும் தெரியல, மூணாவதுல பிரேக்க மிதிச்சா கல்ல மிதிச்ச மாதிரி இருந்துச்சாம். ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து எப்படியோ ஓரமா நிறுத்திட்டார். அடிவாரத்துல மெக்கானிக் பார்த்துட்டு, "பிரேக் நல்லா தாங்க இருக்கு, வேக்கம் இல்லாம போயிருக்கும்"னு சொல்லிட்டார். தம்பியோட கேள்வி இதுதான்: வேக்கம்னாலே ஒண்ணும் இல்லாததுன்னு தானே படிச்சோம், ஒண்ணும் இல்லாதது எப்படிண்ணா இல்லாம போகும்?

சூப்பர் கேள்வி. முதல்ல அந்த வார்த்தைய பார்த்துடலாம். லத்தீன்ல வேக்குவஸ்னா காலி. வேலைக்கு ஆள் இல்லாத வேகன்சி, ஸ்கூல் லீவு விடுற வெகேஷன், வெள்ளம் வந்தா ஊர காலி பண்ற எவாக்குவேஷன் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைங்க தான். நாம வெற்றிடம்னு சொல்றோம், சொல்லி அத அரசியலுக்கும் குடுத்துட்டோம். ஆனா மெக்கானிக் வேக்கம்னு சொன்னா சுத்தமா காலின்னு அர்த்தம் இல்ல, வெளிய இருக்கிற காத்த விட உள்ள காத்து கம்மி, அவ்ளோதான். அந்த வித்தியாசம் தான் வேல செய்யுது, காலி இல்ல.

காத்துக்கு எடை இருக்குன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. இத்தாலிக்காரர் டாரிசெல்லி 1643-ல பாதரசக் குழாய்ல காமிச்சது, வெளிக்காத்து தள்ளி பாதரசத்த 76 செ.மீ. உயரத்துக்கு நிறுத்தி வெக்குது, எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதவிட புடிச்சது 1648-ல நடந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் தன்னோட அக்கா வீட்டுக்காரர் பெரியேகிட்ட சொல்லி, பிரான்ஸ்ல பியூய் தெ டோம்னு ஒரு மலை மேல பாதரசக் குழாய தூக்கிட்டுப் போக வெச்சார். கீழ மடத்துத் தோட்டத்துல இன்னொரு குழாய வெச்சு ஒரு சாமியார் நாள் முழுக்க பார்த்துட்டே இருந்தார், அது அசையல. மேல போன குழாய்ல மட்டும் 8 செ.மீ. பக்கம் எறங்கிருச்சு. மேல ஏற ஏற நம்ம தலைக்கு மேல இருக்கிற காத்து கொறையுது, தள்றதுக்கு ஆள் கம்மி. சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு கிட்டத்தட்ட 1200 மீட்டர் ஏத்தம், நாம செஞ்சா 10 செ.மீ. பக்கம் எறங்கும். பாதரசம் கூட வேணாம், சில போன்லயே காத்தழுத்தத்த அளக்குற பாரோமீட்டர் இருக்கு, சேலத்துல 980 மில்லிபார் பக்கம் காட்டுறது மேல போனா 850 பக்கம் வந்துடும். இதுக்கு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள ஒரு வேன்ல கூட்டிட்டுப் போக எவ்ளோ செலவாகிடப் போகுது? நான் படிச்ச இடத்துல வேக்கம் பம்பு பீரோவுக்குள்ளயே இருந்துச்சு, இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு தொடச்சு வெளிய வெப்பாங்க.

சரி, பிரேக்குக்கு வருவோம். பானெட்ட தெறந்தா டிரைவர் பக்கம் சின்ன தவல மாதிரி கறுப்பா ஒண்ணு இருக்கும் பாருங்க, அதான் பூஸ்டர், பிரேக்க நாம மிதிக்கிற மிதிக்கு பலம் கூட்டுறது. உள்ள நடுவுல ஒரு ரப்பர் திரை, அத ரெண்டு அறையா பிரிக்குது. பெட்ரோல் இன்ஜின்ல பிஸ்டன் கீழ எறங்கும்போது காத்த கேக்கும், ஆனா நாம ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டா காத்து வர்ற வழி ஏறக்குறைய மூடியிருக்கும், அதனால அங்க காத்து ரொம்ப கொறஞ்சுடும். அந்த எடத்துல இருந்து ஒரு ஹோஸ் பூஸ்டருக்கு வருது. டீசல் வண்டியில அப்படி மூடி வெக்கிறது பொதுவா இல்ல, அதுக்குன்னு தனியா பம்பு. நாம மிதிக்காதப்போ ரெண்டு அறையிலயும் வேக்கம் தான், திரை சும்மா நிக்கும். மிதிச்ச உடனே ஒரு வால்வு நம்ம காலு பக்கத்து அறைய மட்டும் வெளிக்காத்துக்கு தெறந்து விடும், காத்து உள்ள பாய்ஞ்சு திரைய முன்னாடி தள்ளும். திரை 25 செ.மீ. அகலம்னு வெச்சுக்கங்க, முழுசா மிதிச்சா 300 கிலோவுக்கு மேல தள்ளுது! உங்க காலு மிதிக்கல, வானம் மிதிக்குது. இதுவே ஏற்காட்டு மேல நின்னு மிதிச்சா ஒரு 60 கிலோ கொறையும், அங்க தான் காத்தே கம்மியாச்சே.

இன்ஜின ஆஃப் பண்ணா ஹோஸ்ல இருக்கிற ஒருவழி வால்வு, உள்ள இருக்கிற வேக்கத்த காப்பாத்தி வெக்கும், ஆனா ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் வெளிக்காத்து உள்ள சேருது. ரெண்டு மூணு மிதியில ரெண்டு பக்கமும் வெளிக்காத்தே நிறைஞ்சுடும், வித்தியாசம் போச்சு, அப்புறம் நம்ம காலோட பலம் மட்டும் தான். தம்பிக்கு மூணாவது பெண்டுல நடந்தது இதான். சாவிய முழுசா திருப்பி உருவியிருந்தா ஸ்டியரிங்கும் லாக் ஆகியிருக்கும், நல்ல வேளை. அந்த எடத்துல காத்துக் கருப்பு இருக்கு, அதான் பிரேக் புடிக்கலன்னு கூட வந்தவர் சொன்னாராம். கருப்பு தெரியாது, காத்து கண்டிப்பா இருந்துச்சு, இருக்கக் கூடாத பக்கத்துல. டயருக்கு எலுமிச்சம்பழம் வைங்க, நான் வேணாங்கல, ஆனா 20 கொண்டை ஊசியிலயும் இன்ஜின் ஓடட்டும், ஏறின கியர்லயே எறங்குங்க.

பழைய ரயில்ல இது அப்படியே தலைகீழ். வண்டி முழுக்க ஓடுற குழாய்ல வேக்கம் இருந்தா தான் பிரேக் விடும், சங்கிலிய இழுத்தாலோ பெட்டி கழண்டாலோ வெளிக்காத்து குழாய்க்குள்ள புகுந்து தானா பிரேக் போட்டுடும். அத யோசிச்சவங்க கெட்டிக்காரங்க.

தம்பி, உங்க வண்டியில பூஸ்டர் நல்லா இருக்கான்னு நீங்களே பார்க்கலாம். சமதரையில நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஆஃப்ல நாலஞ்சு தடவ மிதிங்க, கல்லாகும். காலை எடுக்காம அப்படியே அழுத்திப் புடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா கீழ எறங்கணும். எறங்கலன்னா அந்த ஹோஸ காட்டுங்க மெக்கானிக்கிட்ட.